ஸ்டொவ்னர் மேட்டில் ஒரு ரோமாபுரி

எனக்கு வெல்லப் பிடிக்கும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. மெட்ரோவில் யன்னலோர இருக்கை கிடைத்தால்கூட அன்று முழுதும் எனக்குச் சந்தோஷம்தான். அடக்க ஒடுக்கம் என்று எங்கள் சனம் பெண்களிடம் தேடும் சரக்கு என்னிடம் கொஞ்சம் குறைவு என்று என் மாமியார் கலியாண வீட்டிலேயே சொன்னவர். அவர் சொன்னது சரி.

சின்னப் பிள்ளையாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தவள் நான். இப்போது ஸ்டொவ்னர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். அதனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் நான் ‘ரீச்சர்’. மற்ற ஆசிரியர்கள் வைகிங்குகளைக் கண்டால் உருகுவார்கள். நான் ரோமர்களின் ஆள். நாடு பிடிப்பது பெரிய வித்தை இல்லை, எத்தனையோ பேர் பிடித்திருக்கிறார்கள். பிடித்த ஊர்க்காரனைக் கூப்பிட்டு, இனி நீயும் எங்களில் ஒருவன், வா, வந்து எங்களோடு நின்று சண்டை பிடி என்று சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் ரோமர்கள் கெட்டிக்காரர்கள். நேற்று எதிரியாக நின்றவனின் வாரிசு நாளைக்கு அவர்களுடைய சபையிலேயே உட்கார்ந்திருப்பான். அவர்களுக்கு அடிமைகள் இருந்தார்கள், பெண்களுக்கு வாக்கு இல்லை, பிடித்த ஊர்களில் இரத்தமும் ஓடியது. இதையும் வகுப்பில் ஒளிக்காமல் சொல்வேன். ஆனாலும் அரசனைத் துரத்திவிட்டு, தனி ஒருவனை நம்ப முடியாது என்று இரண்டு பேரைத் தலைவர்களாக வைத்தார்களே, அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு, அந்த இடம் வரும்போது எனக்கு எங்கள் சங்கத் தலைவரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அவர் என் கலியாணத்துக்கு முந்தியிருந்தே தலைவர்.

புதன்கிழமை பின்னேரங்களில் ஸ்டொவ்னருக்குப் பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு விளையாட்டு மண்டபம் எங்கள் சங்கத்துக்குக் கிடைக்கும். அந்த நேரம் பெண்களுடையது. நாங்கள் அங்கே வலைப்பந்து விளையாடுவோம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிக்கூடங்களில் விளையாடிய அதே வலைப்பந்துதான். நோர்வேக்காரர் பலருக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. கூடைப்பந்து என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடாமல், கையில் பிடித்தபடி நட்டுவைத்தது போல நிற்கிறோமே என்று குழம்பிப் போவார்கள். எங்களில் முட்டு வலிக்காரி, பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாதவள், டாக்டர், பஸ் ஓட்டுபவள் என்று எல்லோரும் உண்டு. கொஞ்ச நாட்களாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கணினிப் பொறியியலாளரும் வந்தாள். அவளுக்கு வலைப்பந்து சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் ஓடுவாள், விழுவாள், விழுந்த இடத்திலிருந்தே சிரிப்பாள்.

எங்கள் அணியில் கோல் போடுபவர் ஒரு அக்கா. ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலேறி, நடுவில் ரயில் மாறி, நகரத்தின் மறு மூலையில் இருக்கும் எங்களிடம் வருவார். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. அந்த இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. கணவர் இறந்துபோனார், மகன் வேலைக்காகப் பேர்கனுக்குப் போய்விட்டான், வீட்டிலும் கதைக்க ஆளில்லை. கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்டால் குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவர் சொல்வது கேட்கும். ஆனால் மண்டபத்துக்குள் வந்து சட்டைக்கு மேலே கோல் போடுபவரின் பட்டையைக் கட்டிவிட்டால் அது வேறு ஆள்.

“இஞ்சை! எனக்கு! பந்தைத் தா!”

மண்டபம் அதிரும். முதல் தடவை கேட்டபோது நான் பயந்துபோய்ப் பந்தைக் கீழே போட்டுவிட்டேன்.

ஒருநாள் உடை மாற்றும் அறையில் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி என்னிடம் சொன்னார்: “பிள்ளை, புதன்கிழமை எண்டு ஒண்டு இல்லாட்டி என்ரை குரல் எப்பிடி இருக்கும் எண்டே எனக்கு மறந்துபோம்.” அழவும் இல்லை, முறையிடவும் இல்லை. காலநிலை சொல்வது போலச் சொல்லிவிட்டு மற்றச் சப்பாத்தைக் கழற்றினார்.

அந்தப் புதன்கிழமையைத்தான் சங்கம் எடுத்தது. ஒரு வசந்தகாலக் காலையில் சங்கத்தின் வைபர் குழுவில் செய்தி வந்தது. இளைஞர்களின் கிரிக்கெட் அணிக்கு உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேவையாம். ஆகவே இலையுதிர் காலத்திலிருந்து புதன்கிழமை அவர்களுக்காம். சகோதரிகள் புரிந்துணர்வோடு ஒத்துழைப்பார்கள் என்று நிர்வாகசபை நம்புகிறதாம். நிர்வாகசபை முழுக்க ஆண்கள். ஒருவராவது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். தலைவர் கெட்ட மனிசர் இல்லை. செத்த வீடு என்றால் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம், எதைக் கேட்டாலும் சிரித்தபடி ஒரே பதில்தான்.

“ரீச்சர், முந்தியிலயிருந்து சங்கம் இப்பிடித்தானே நடக்குது. முடிவெடுக்கிறது நிர்வாகசபை. நீங்கள் பெம்பிளையள் சமையலுக்கு டுக்னாட் செய்து தாறியள், அதுக்கு நாங்கள் எப்பவும் நன்றியோடை இருக்கிறம்.”

டுக்னாட் என்பது நோர்வேயில் எல்லோரும் சேர்ந்து செய்யும் இலவச ஊழியம். குடியிருப்பு முற்றத்தை வசந்தத்தில் கூட்டித் துப்புரவாக்குவது, அப்படி. எங்கள் சங்கத்தில் சமையல் பெண்களின் டுக்னாட், முடிவெடுப்பது ஆண்களின் டுக்னாட். ரோமிலும் பெரிய குடும்பத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் முன்னோர் வழக்கம், முன்னோர் வழக்கம் என்றுதான் வாயை அடைப்பார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அக்கா எனக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வகுப்பில் திருப்புதல் பாடம். ரோமின் சாதாரண சனம் ஊரை விட்டு வெளியேறிய கதை. போருக்குப் போவது அவர்கள், சாவது அவர்கள், ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஒருநாள் அவர்கள் கல்லெறியவில்லை, நெருப்பு வைக்கவில்லை. கூட்டமாக எழும்பி ஊருக்கு வெளியே ஒரு மலையில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டார்கள். பெரிய மனிசருக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் இறங்கி வந்து, சனத்தின் பக்கமிருந்து சிலரைத் தெரிவுசெய்ய ஒத்துக்கொண்டார்கள். சனத்தின் ஆள் ஒருவர் ‘கூடாது’ என்றால் எந்த முடிவும் அந்த இடத்திலேயே நிற்கும். அவர்மேல் யாரும் கை வைக்கக்கூடாது. அவருடைய வீட்டுக் கதவை இரவும் பகலும் பூட்டக்கூடாது, யாரும் வந்து முறையிடலாம். எத்தனையோ வருடமாக இதைப் படிப்பிக்கிறேன். அன்றைக்குப் பலகையில் மலையைக் கீறிக்கொண்டிருந்தவள் சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு மூளை எங்கே போயிருந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனி மாதத்தில் சங்கத்தின் விளையாட்டு விழா வரும். ஓட்டம், கயிறிழுத்தல் எல்லாம் சும்மா சாட்டு. சனம் வருவது சாப்பாட்டுக்கு. எண்ணெயில் பொரிக்கும் றோல்ஸ், கொத்துரொட்டி, வடை எல்லாம் பெண்களின் கையால். அந்த வருடம் பகுதி நிர்வாகத்திலிருந்து ஒரு பெரிய ஆளையும் அழைத்திருந்தார்கள். அவருக்கு எங்கள் றோல்ஸ் மேல் கண் என்று தலைவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

விழாவுக்கு முந்திய புதன்கிழமை, விளையாட்டு முடிந்ததும் நான் மண்டபத்து நடுவில் நின்று ரோமின் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்ப என்னங்க, ஸ்ட்ரைக்கா?” என்று தமிழ்நாட்டுக்காரி கேட்டாள்.

“ஸ்ட்ரைக் இல்லை. மலையிலை போய் இருக்கப்போறம். அவ்வளவுதான்.”

“சூப்பர். நானும் வரலாமா? நான் உங்க சங்கத்துல மெம்பர் இல்லையே?”

அவள் விண்ணப்பித்திருந்தாள். ‘பார்ப்பம்’ என்று ஒரு வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இல்லையாம். “நீ எங்கடை ஆள்,” என்றேன். சொன்ன பிறகுதான் ரோமர்களுடைய வேலையைச் செய்கிறேன் என்று உறைத்தது. அவளைச் சேர்த்தது நல்லதாகவும் போய்விட்டது. ஏனென்றால் சனத்தைப் பட்டினி போட எங்களுக்கு மனம் வரவில்லை. வழக்கம்போல றோல்ஸ் செய்து உறையவைத்து எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும். நிர்வாகசபைக்காரர்களின் மனைவிமார் எங்களோடுதான் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அன்றைக்கே பிடிபட்டுவிடும். தமிழ்நாட்டுக்காரியின் வீட்டில் யார் தேடுவார்கள்? ஹவுகன்ஸ்டுவா மாடிக் குடியிருப்பில் அவள் வீட்டுப் பெரிய குளிர்ப்பெட்டி எங்கள் றோல்ஸால் நிறைந்தது.

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார். அவர் வரமாட்டார் என்று நினைத்து எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை.

விழா நாள் நல்ல வெயில். ஸ்டொவ்னரில் காட்டோரமாக ஒரு மேடு இருக்கிறது. அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையோடு ஒரு கோபுரம். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், மாடிக் குடியிருப்புகள், பெருந்தெரு, கீழே எங்கள் மைதானம். நான் ஏறிப் போனபோது அக்கா முதல் ஆளாக வந்து புல்லில் உட்கார்ந்திருந்தார். ஹொல்ம்லியாவிலிருந்து வந்தவர் எங்கள் எல்லோருக்கும் முந்திவிட்டார்! எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். டாக்டர், பஸ் ஓட்டுபவள், கைக்குழந்தைக்காரி, தலைவரின் மனைவி. ஊருக்கே சமைத்துப்போடும் பெண்கள் அன்றைக்கு ஒருவரும் சமைக்கவில்லை. ஒவ்வொருவர் பையிலிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோவது போலப் பாணும் பழுப்புச் சீஸும் வந்தன. அதைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். கூடாரம் இருந்தது, காஸ் அடுப்பு இருந்தது, கொத்துரொட்டித் தட்டு வெயிலில் மினுங்கியது. புகையைத்தான் காணவில்லை. ஆண்கள் அடுப்பைச் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கைப்பேசிகள் அடிக்கத் தொடங்கின. எல்லாருடையதும் ஒன்றாக அடித்தன. யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் ஒருவர் மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. என் கணவர்! சங்கத்தின் பட்டிமன்றப் பேச்சாளர், விழாக்களின் அறிவிப்பாளர். வீட்டில் உப்புக் கூட என்று சொல்லக்கூட வாய் திறக்காதவர். மைக்கைக் கண்டால் மணிக்கணக்கில் பேசுவார். பொருத்தமான ஆளைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

“இஞ்சரும், உதென்ன வேலை? கீழை சனம் பசியிலை நிக்குது,” என்றார் மூச்சு வாங்க.

“ஆறுதலா இருங்கோ. தண்ணி குடியுங்கோ. பிறகு சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ.”

தண்ணீர் குடித்தார். பிறகு மேடையில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார். “அன்பான சகோதரிகளே! ஒருநாள் கையும் காலும் வாயும் பல்லும் வயிற்றோடு கோபித்துக்கொண்டன. நாங்கள் பாடுபடுகிறோம், இந்த வயிறு சும்மா இருந்து தின்கிறது என்று வேலையை நிறுத்தின. வயிறு காய்ந்தது. ஆனால் கையும் சோர்ந்தது, காலும் தளர்ந்தது. சங்கம் என்பதும் ஒரு உடம்பு…”

நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, கண்ணால் தண்ணீர் ஓடியது. உலகத்தில் உள்ள எல்லாக் கதைகளையும் விட்டு அவர் இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டு வரவேண்டுமா? மனிசருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்ன சிரிப்பு?”

“கோவிக்காதேங்கோ. இதே கதையை முந்தி ரோமிலை ஒருத்தர் சொல்லியிருக்கிறார். இப்பிடி மலையிலை போய் இருந்த சனத்துக்குத்தான். பெரிய மனிசர்தான் அவரையும் அனுப்பினவை. உங்களை மாதிரி நல்லாக் கதைக்கிற ஆளாம்.”

“மெய்யாவோ?” என்றார். பிறகு ஆசையோடு, “கேட்டுப்போட்டுச் சனம் இறங்கி வந்ததோ?”

“வந்தது. ஆனா கதைக்காக வரேல்லை. கேட்டதைக் குடுத்தாப்பிறகுதான் வந்தது.”

அப்போதுதான் எனக்குப் பின்னால் புல்லிலிருந்து யாரோ எழும்பும் சத்தம் கேட்டது. அக்கா. கையிலிருந்த பாண் துண்டை ஒழுங்காகத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“தம்பி, வயித்துக்குப் பசிச்சா அது இரையும். முழு உடம்புக்கும் கேக்கும். கைக்கு நொந்தா அதுக்குக் கத்த வாய் இல்லை. நாங்கள் வயித்தோடை கோவிக்கேல்லை. எங்களுக்கும் ஒரு வாய் தாங்கோ. ரெண்டு பெம்பிளையள் நிர்வாகசபையிலை இருக்கவேணும். அவையிலை ஒராள் ஏலாது எண்டா ஏலாது. புதன்கிழமை எங்களுக்கு. போய்ச் சொல்லுங்கோ.”

குனிந்து காதைக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை. கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நோர்வேத் தம்பதி நின்று திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர், பாவம், மைக் இல்லாமல் நின்று இரண்டு கையையும் பிசைந்தார். பிறகு “அக்கா சொல்லுறது நியாயம்தான்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு அவர் பேசிய எல்லாவற்றிலும் அதுதான் எனக்குப் பிடித்த பேச்சு.

கொஞ்ச நேரத்தில் தலைவரே வந்தார், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, நெற்றியால் வியர்வை ஓட. கூட்டத்துக்குள் தன் மனைவியைக் கண்டார். அவர் சீஸ் பாணைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தலைவருடைய சிரிப்பு அங்கேயே போய்விட்டது.

“சரி ரீச்சர், சரி. செய்வம். முதல்ல இறங்கி வாங்கோ.”

“இஞ்சை சொல்லுறது காத்தோடை போம்,” என்றேன். ரோமில் சட்டம் பெரிய குடும்பத்து ஆட்களின் மண்டைக்குள் இருந்தவரைக்கும் சாதாரண சனத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை. கடைசியில் அதை எழுதி நாற்சந்தியில் வைக்கப்பண்ணினார்கள். “நீங்கள் போய் மைக்கிலை சொல்லுங்கோ. நாங்கள் இஞ்சை இருந்து கேக்கிறம்.”

எங்கள் ஆட்களின் ஒலிபெருக்கியைப் பற்றி ஒவ்வொரு வருடமும் அயலவர்கள் முறைப்பாடு செய்வார்கள். அன்றைக்குத்தான் அது பிரயோசனப்பட்டது. பள்ளத்தாக்கு முழுக்கத் தலைவரின் குரல் கேட்டது. முதலில் தொண்டையைச் செருமினார், அதுவும் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பெண்கள் நிர்வாகசபையில். அவர்களில் ஒருவர் மறுத்தால் முடிவு நிற்கும். புதன்கிழமை பழையபடி பெண்களுக்கு. கீழே முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு மைதானமே தட்டியது. பசியில் தட்டினார்களோ நியாயத்துக்குத் தட்டினார்களோ, எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நாங்கள் வென்றுவிட்டோம்! மேட்டில் நின்று சின்னப் பிள்ளைகள் போலத் துள்ளினோம்.

இறங்கும்போது தமிழ்நாட்டுக்காரி முன்னால் ஓடிப்போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். வரிசையாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஹவுகன்ஸ்டுவா நடைபாதையால் நாங்கள் மைதானத்துக்குள் போனோம். சனம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. அவளை அன்றைக்கே அங்கத்தவராகச் சேர்த்தார்கள். எண்ணெய் கொதித்தது, புகை எழும்பியது, விருந்தாளி தன் றோல்ஸைத் தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ரோமில் வென்று வந்த தளபதியைத் தேரில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அவனுக்குப் பின்னால் ஒருவன் நின்று, நீயும் சாகப்போகிற மனிசன்தான் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவானாம், தலைக்கனம் ஏறாமல் இருக்க. இதை எப்போதோ என் கணவருக்குச் சொல்லியிருக்கிறேன். றோல்ஸ் தட்டோடு எனக்குப் பின்னால் வந்த மனிசர் என் காதுக்குள் குனிந்தார்.

“இஞ்சரும், நாளைக்குக் குப்பை கொண்டுபோய்ப் போடுற முறை உம்முடையது.”

அந்த இரண்டு பெண்களில் நானும் ஒருத்தி. மற்றவர் அக்கா. அவர் முதலில் மாட்டேன் என்றார். நாங்கள் விடவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக் கதவைப் பூட்ட முடிவதில்லை. வாசலில் எந்நேரமும் யாருடையதோ சப்பாத்து. ரோமர்கள் அந்த விதியைச் சும்மா வைக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் முதல் நிர்வாகசபைக் கூட்டம். மழை. அக்கா ஹொல்ம்லியாவிலிருந்து நனைந்துகொண்டு வந்து, ஈரக் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டம் முடியப்போகும் நேரத்தில் தலைவர் மெதுவாகத் தொடங்கினார். கிரிக்கெட் பெடியங்களுக்கு இந்தக் குளிர்காலம் மட்டும் புதன்கிழமையைக் கொடுத்தால் என்ன, பெண்களுக்கு வேறு நாள் பார்க்கலாம்தானே. மேசையைச் சுற்றி ஆண்களின் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லாக் கைகளும். எனக்கு வாய் துடித்தது. ஆனால் பக்கத்தில் கதிரை நகரும் சத்தம் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

“ஏலாது,” என்றார் அக்கா.

பந்து கேட்கும் அதே குரல். தூக்கிய கைகள் கீழே இறங்கின.